கடைசி பெஞ்சிலிருந்து மூன்றாவது வரிசைக்கு

கேள்வி: பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்ச சுபாவம். பள்ளி முழுக்க ஒரே தோழிதான். அவள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள். இங்கே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுகிறேன். விடுதி அறையில் உடனிருப்பவளிடம் ‘லைட்டை அணைக்கட்டுமா’ என்பதைத் தாண்டிப் பேச்சு வளரவில்லை. மற்ற எல்லோரும் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். நான் வார இறுதி தவறாமல் வீட்டுக்கு ஓடிவிடுகிறேன். சிறு குழு வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. இதுவரை வாயே திறக்கவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் எல்லோர் முன்னாலும் நின்று ஏழு நிமிடம் பேச வேண்டும். நினைத்தாலே கை நடுங்குகிறது. இதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே தபால்வழியில் படித்துவிடலாமா? இந்தக் கூச்சம் எப்போதாவது போகுமா?

பதில்: படிப்பை விடும் யோசனையை முதல் பருவத் தேர்வு முடியும்வரை தள்ளிவையுங்கள். ஆறு வாரத்தில் நட்பு அமையாததைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். புது ஊருக்குக் குடிபோனவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு அது, 2018இல் வெளியானது. முகம் மட்டும் தெரிந்த ஒருவர் ‘ஏதோ பழக்கம்’ என்று சொல்லும் அளவுக்கு வருவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. ‘என் ஃபிரெண்டு’ என்று சொல்ல 90 மணி. நெருங்கிய சிநேகம் என்றால் 200 மணிக்கும் மேல். அதிலும் சேர்ந்து வேலை பார்த்த நேரத்தைவிட, அரட்டையும் சிரிப்புமாகப் போன நேரத்துக்குத்தான் எடை அதிகம்.

இப்போது உங்கள் ஆறு வாரத்தைக் கூட்டிப் பாருங்கள். வகுப்பு முடிந்த கையோடு வெளியே, வார இறுதியில் வீட்டில். யாரோடும் மொத்தமாக இரண்டு மணி நேரம்கூடச் சேர்ந்திருக்காது. இதில் சுபாவத்தின் பங்கு கொஞ்சம்தான், பெரும்பங்கு உங்கள் கால அட்டவணையுடையது. சுபாவத்தை மாற்றுவது பெரும்பாடு; அட்டவணையை இந்தத் திங்கட்கிழமையே மாற்றிவிடலாம். ‘தைரியமாகப் பேசு’ என்று உங்களுக்கு ஏற்கெனவே நூறு பேர் சொல்லியிருப்பார்கள். அதை நான் சொல்லப்போவதில்லை.

முதலில் உட்காரும் இடம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரிவது முதுகுகள். உங்கள் முகம் யார் கண்ணிலும் படாது. மூன்றாவது வரிசைக்கு வாருங்கள். நடைவழியை ஒட்டிய ஓர இருக்கையை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததில் உட்காருங்கள். இரண்டு பக்கமும் ஆள் வர இடம் இருக்கும். பையைப் பக்கத்து இருக்கையில் வைக்காதீர்கள். கூச்சம் உள்ளவர்கள் தெரியாமலே கட்டும் சுவர் அது. பருவம் முடியும்வரை அதே வகுப்பில் அதே இடம்.

ஒரே இடத்தில் தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பதே பாதி வேலையைச் செய்துவிடும். மோர்லண்ட், பீச் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை 1992இல் சோதித்துக் காட்டினார்கள். தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நான்கு பெண்கள். ஒரு பெரிய வகுப்புக்கு ஒருத்தி 15 முறை வந்தாள், இன்னொருத்தி 10 முறை, மூன்றாமவள் 5 முறை. நான்காமவள் வரவே இல்லை. வந்தவர்கள் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பருவ முடிவில் நால்வரின் படத்தையும் மாணவர்களிடம் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்தவளைத்தான் அதிகம் பிடித்திருந்தது. பேசாமலே இவ்வளவு நடக்கும். ஆனால் கண்ணில் பட வேண்டும்.

அடுத்தது நேரம். வகுப்புக்கு ஏழெட்டு நிமிடம் முன்னால் போய்விடுங்கள். கூச்சத்தால் பலர் கடைசி நொடியில் நுழைகிறார்கள். அப்போதுதான் முப்பது தலைகள் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கும். சீக்கிரம் போனால் அறையில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அவர்களும் சும்மாதான் இருப்பார்கள். காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிடுங்கள். ஃபோன் பைக்குள் போகட்டும். நோட்டைத் திறந்து வையுங்கள். கைக்கு ஒரு வேலை வேண்டும்.

முதல் நாள் பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் தலையை நிமிர்த்தி ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். மறுநாள், கண்முன் இருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு வாக்கியம்: “நேத்து அந்தக் கடைசி படத்தை வரைஞ்சு முடிச்சீங்களா? நான் பாதி போடறதுக்குள்ள அழிச்சுட்டாங்க.” அவள் நோட்டைத் திருப்பிக் காட்டுவாள். வாங்கிப் பார்த்துவிட்டு, அவள் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வி: “இந்த அம்புக்குறி எதுக்கு?” மூன்றாம் நாள் பெயர்: “உங்க பேரே கேக்கலையே.” பெயரைக் கேட்டதும் வாய்விட்டு ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பதற்றத்தில் மறந்துவிடும். மறந்தே போனாலும், இரண்டாம் வாரம்வரை “சொன்னீங்க, மறந்துட்டேன்” என்று கேட்பதில் தப்பே இல்லை. மூன்றாம் மாதம் கேட்டால்தான் சங்கடம்.

இங்கே வழக்கமாக வரும் தவறு ஒன்று உண்டு. தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்கள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த பிளாக், எத்தனை பேர் என்று போனால் நாலாவது கேள்வியில் அது போலீஸ் விசாரணை ஆகிவிடும். இரண்டு கேள்விக்கு ஒரு முறை உங்களைப் பற்றிய ஒரு சின்னத் துணுக்கைக் கொடுங்கள். “நான் மூணு தடவை வழி தப்பித்தான் இந்த லேபைக் கண்டுபிடிச்சேன்” என்ற அளவில் போதும். ரகசியம் எதையும் கொட்ட வேண்டாம்.

பேச்சை முடிக்கத் தெரியாத பயத்திலேயே சிலர் ஆரம்பிக்க மாட்டார்கள். அதற்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: “சரி, நான் கிளம்பறேன், நாளைக்குப் பார்க்கலாம்.” பேச்சு வற்றும்வரை காத்திராமல், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

நம் மொழியில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ‘நீங்க, வாங்க’ என்பது ‘நீ, வா’ ஆகும் இடம். கூச்சம் உள்ளவர்கள் மாதக்கணக்கில் ‘நீங்க’விலேயே நின்றுவிடுவார்கள். மரியாதை என்று இவர்கள் நினைப்பார்கள்; ‘இவ ஒட்ட மாட்டேங்கிறா’ என்று எதிரில் இருப்பவள் நினைப்பாள். அவள் உங்களை ஒருமையில் கூப்பிட்டுவிட்டால் அன்றே நீங்களும் மாறிவிடுங்கள். அவளும் தயங்கினால், மூன்று நாலு வாரம் பழகிய பிறகு “ரெண்டு பேரும் ஒரே வயசு, எதுக்கு இந்த நீங்க?” என்று கேட்டுவிடுங்கள். இதற்கு ‘இல்லை’ என்றவர்களைப் பார்ப்பது அபூர்வம்.

இப்படிப் பேசிவிட்டு வந்த அன்று இரவு மனசு ஒரு வேலை செய்யும். ‘அசடு மாதிரிப் பேசினேன், அவளுக்குப் போரடித்திருக்கும்’ என்று முழுப் பேச்சையும் ஓட்டிப் பார்க்கும். அந்தத் தீர்ப்பை நம்பாதீர்கள். எரிகா பூத்பி என்ற உளவியலாளரின் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களைச் சிறிது நேரம் பேசவிட்டு, இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். கூச்சம் உள்ளவர்களிடம் இந்தத் தவறு இன்னும் பெரிதாக இருந்தது. விடுதியில் சேர்ந்து தங்கும் முதலாண்டு மாணவர்களிடம் இதே தவறு கல்வியாண்டின் பெரும்பகுதி நீடித்து, கடைசியில்தான் மறைந்தது. ஆகவே உங்கள் அறைத்தோழி உங்களைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று நீங்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு, பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமான பக்கம் தப்பாகவே இருக்கும்.

அந்த 50 மணிக்கு வருவோம். வாரம் மூன்று நாள் வகுப்புக்கு முன்னும் பின்னுமாக இருபது நிமிடம் பேசினால் வாரத்துக்கு ஒரு மணி. இந்த வேகத்தில் ஒரு வருடம் ஆகும். வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் சேர்ந்து கழிக்கும் ஏதாவது ஒன்று கூடினால் நாலு மணி. பன்னிரண்டு பதின்மூன்று வாரத்தில், ஏறக்குறைய ஒரு பருவத்தில், 50 தாண்டும். அந்த மூன்று மணிக்கு அழைப்பது எப்படி? எப்படியும் நீங்கள் போகப்போகும் இடத்துக்கே கூப்பிடுங்கள்: “நான் லைப்ரரிக்குப் போறேன், நீங்களும் வர்றீங்களா?” அவள் வராவிட்டாலும் நீங்கள் போகத்தான் போகிறீர்கள், மறுப்பு உறைக்காது. “சனிக்கிழமை ஏதாவது பண்ணலாமா?” என்பது போன்ற மொட்டை அழைப்புக்கு “பார்க்கலாம்” என்ற பதில்தான் கிடைக்கும். நாள், நேரம், இடம் மூன்றும் இருக்கட்டும். ஒருத்தி ஒருமுறை மறுத்தால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாவதுக்கும் காரணம் சொல்லி, மாற்று நாளும் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

விடுதியில் இதைவிட எளிது, ஏனென்றால் அங்கே நேரம் கொட்டிக் கிடக்கிறது. 1950இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூன்று உளவியலாளர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர் குடியிருப்பு ஒன்றில் யார் யாருக்கு நண்பர் என்று எண்ணிப் பார்த்தார்கள். அடுத்த வீட்டுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிப் பழகினார்கள். அதே தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான். மாடிப்படி அருகில் இருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் இருந்தார்கள். உங்கள் அறை ஒரு கோடியில் இருந்தால் மாற்ற முடியாது. உட்கார்ந்து படிக்கும் இடத்தை மாற்றலாம். மாலையில் ஒரு மணி நேரம் பொது அறையில், ஆட்கள் வந்து போகும் வழியில் உட்கார்ந்து படியுங்கள். அறையில் இருக்கும்போது அரை மணி நேரமாவது கதவு திறந்திருக்கட்டும்.

அறைத்தோழியிடம் பேச்சு வளரவில்லை என்கிறீர்கள். நட்பாகப் பேச வராவிட்டால் வேலையாகப் பேசுங்கள். எத்தனை மணிக்கு விளக்கணைப்பது, அலாரத்தை எத்தனை முறை அடிக்கவிடலாம், ஆள் வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல்வதா, யார் எப்போது கூட்டுவது. பத்து நிமிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். கூச்சம் உள்ளவர்கள் சின்னச் சின்ன எரிச்சல்களை விழுங்கிக்கொண்டே போய் மூன்றாம் மாதம் வெடிப்பார்கள், அல்லது அறை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுப்பார்கள். இந்தப் பத்து நிமிடப் பேச்சு அதைத் தடுக்கும். வேறு பேச்சுக்கும் அதுவே வாசல்.

மாணவர் மன்றங்களில் சேரச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். சேருங்கள், ஆனால் ‘வந்து பழகுங்கள்’ என்று நடக்கும் அறிமுகக் கூட்டம் உங்களுக்கு ஏற்ற இடமில்லை. கையில் வேலை கொடுக்கும் குழுவைத் தேடுங்கள்: நாடகக் குழுவில் மேடைக்குப் பின்னால், இதழில் பிழை திருத்த, விளையாட்டில் ஸ்கோர் எழுத. வாரம் ஒருமுறை நிலையான நாள், பதினைந்து பேருக்குள். முதல் தடவை எரிச்சலாகத்தான் இருக்கும். மூன்று முறை போகாமல் முடிவெடுக்காதீர்கள்.

வீட்டுக்குப் போவதை அடியோடு நிறுத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்கிக்கொள்ளுங்கள். அரட்டைக்கான நேரம் பெரும்பாலும் வார இறுதியில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் நோட்ஸும் அசைன்மென்டும் ஒழுங்காக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பேசாத பிள்ளைகள் பலர் அப்படி. அதைக் கேட்டுச் சிலர் வருவார்கள். நோட்ஸைக் கொடுங்கள், அசைன்மென்டைக் கொடுக்காதீர்கள். “வா, சேர்ந்து உட்கார்ந்து போடலாம்” என்று சொல்லிப் பாருங்கள். யார் உட்கார வருகிறார்கள், யார் ஃபோட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

இனி சிறு குழு வகுப்பு. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வியாளர் அளந்து பார்த்தார். சராசரி சுமார் ஒரு நொடி. யோசித்துப் பேசுபவருக்கு அது போதாது. மூன்று நொடிக்கு மேல் பொறுத்த வகுப்புகளில் அதிகம் பேர் வாய் திறந்தார்கள். ஆக, பதிலளிக்கும் ஓட்டத்தில் நீங்கள் பின்தங்குவதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஓட்டத்திலேயே இறங்காமல், கேள்வியை முன்கூட்டியே தயாரித்துக் கொண்டுபோங்கள். முந்தின நாள் பாடத்தைப் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைப் பக்க எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். “42ஆம் பக்கம் இரண்டாவது பத்தியில் இப்படி இருக்கிறது, அதற்கு முன் சொன்னதோடு அது எப்படிப் பொருந்தும்?” என்ற மாதிரி. சொல்லும்போது தாளைப் பார்த்தே படிக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எப்போது கேட்பது என்பது முக்கியம்: முதல் பத்து நிமிடத்துக்குள். தள்ளிப்போடப் போட இரண்டு விபத்துகள் நடக்கும். உங்கள் கேள்வியை வேறு யாராவது கேட்டுவிடுவார்கள். காத்திருக்கும் பதற்றத்தில் மற்றவர்கள் பேசுவது காதில் விழாது. முதலிலேயே பேசிவிட்டால் மீதி நேரம் நிம்மதி. முதல் இரண்டு வாரம் ஒரு வகுப்புக்கு ஒரு முறை, பிறகு இன்னொருவர் சொன்னதைத் தொட்டு ஒரு வரி: “அவங்க சொன்னதோட எனக்கும் உடன்பாடுதான், ஆனா அந்த இரண்டாவது உதாரணத்துக்கு அது பொருந்தலையே.”

ஆசிரியருக்கு இப்போதே நாலு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். ‘வணக்கம் மேடம். திங்கட்கிழமைக் குழுவில் இருக்கிறேன். வகுப்பில் பேச எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வி தயாரித்து வருகிறேன். தொடக்கத்தில் ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் உதவியாக இருக்கும்.’ இதில் விலக்கு எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விலக்குக் கேட்டால் சில ஆசிரியர்கள் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வருடம் பயம் இரட்டிப்பாக நிற்கும்.

கடைசியாக அந்த ஏழு நிமிடம். கை நடுங்குவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995இல் இதற்குக் கொடுத்த விளக்கம் இன்றும் சிகிச்சையில் பயன்படுகிறது. பேச நின்றதும் கவனம் வெளியிலிருந்து உள்ளே திரும்பிவிடுகிறது: குரல் எப்படி வருகிறது, முகம் சிவக்கிறதா, கை ஆடுகிறதா. உள்ளே உணர்வதையே வெளியே தெரிவதாக எடுத்துக்கொள்கிறோம். அதை மறைக்கச் சில தந்திரங்கள் செய்கிறோம், அவையே கெடுக்கின்றன. நடுக்கத்தை மறைக்கத் தாளை இறுக்கிப் பிடித்தால் தசை இறுகி நடுக்கம் கூடும். வியர்வையை மறைக்க மேலே ஒன்று போட்டுக்கொண்டால் இன்னும் வியர்க்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் சரிபார்த்துச் சொன்னால் பேச்சு மரம் மாதிரி வரும்.

வெளியே எவ்வளவு தெரியும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரின் குழுவினர், பார்ப்பவர் சிரிக்கும்படியான படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு மாணவர்களை மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிதான். நெஞ்சில் இருந்த படத்துக்கே இந்தக் கதி என்றால் உங்கள் விரல் நடுக்கத்தை எத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள்?

மூன்று வாரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் வாரம் உள்ளடக்கம் மட்டும்: ஏழு நிமிடத்துக்கு மூன்று கருத்து போதும், ஐந்து வைக்காதீர்கள். முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்வதுதான் கூச்சம் உள்ளவர்கள் செய்யும் பெரிய தப்பு. ஒரு சொல் நழுவினால் அடுத்த பத்தியே வராது. மனப்பாடம் முதல் இரண்டு வாக்கியத்துக்கும் கடைசி வாக்கியத்துக்கும் மட்டும். நடுவில் உள்ளதற்கு உள்ளங்கை அளவு கெட்டி அட்டை ஐந்து. ஒவ்வொன்றிலும் நாலைந்து சொல், பெரிய எழுத்தில், மூலையில் எண். மெல்லிய முழுத்தாளைக் கையில் பிடித்தால் சின்ன நடுக்கத்தையும் அது படபடவென்று காட்டிக்கொடுக்கும். கெட்டி அட்டை காட்டாது.

இரண்டாம் வாரம் ஒத்திகை. மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. நின்றுகொண்டு, சத்தமாக, கடிகாரம் வைத்து, நாலு முறையாவது. ஆறரை நிமிடத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒருமுறையாவது ஃபோனில் வீடியோ எடுங்கள். அதைப் பார்ப்பதற்கு முன், ‘என் நடுக்கம் பத்துக்கு எத்தனை தெரியும்’ என்று ஒரு எண்ணை எழுதிவையுங்கள். பிறகு, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்து இன்னொரு எண் போடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நீங்களே பார்க்கலாம். நான் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மூன்றாம் வாரம் ஒரு ஆள் முன்னால் ஒருமுறை. அறைத்தோழியைக் கேளுங்கள்: “ஏழு நிமிஷம் கேட்டுட்டு எங்க புரியலைன்னு மட்டும் சொல்றியா?”

அன்றைக்குப் பேச்சு வரிசையில் முதல் மூன்று இடத்துக்குள் கேட்டு வாங்குங்கள். பதற்றம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் தொடங்குவதற்கு முந்தைய சில நிமிடமும் பேசும் முதல் நிமிடமும்தான். பிறகு அது தானாக இறங்கும். எழுந்து போகும்முன் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், ஐந்தாறு முறை. முன்னால் போய் நின்று, அட்டையை மேசையில் வைத்து, இரண்டு நொடி நின்ற பிறகு ஆரம்பியுங்கள். உங்களுக்கு அது யுகமாகத் தெரியும், கேட்பவருக்கு ஒன்றுமே இல்லை. கவனம் உள்ளே ஓடும்போதெல்லாம் வெளியே ஒரு வேலை கொடுங்கள்: யார் தலையாட்டுகிறார்கள், யார் எழுதுகிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒரு வாக்கியம், முடிந்ததும் அடுத்தவர். நடுவில் எல்லாம் மறந்து வெற்றாகிவிட்டால் மன்னிப்புக் கேட்காதீர்கள். “ஒரு நிமிடம், குறிப்பைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு அட்டையைப் பாருங்கள், தொடருங்கள். கேள்வி நேரத்தில் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்; யோசிக்க ஐந்து நொடி கிடைக்கும். பதில் தெரியாவிட்டால் “பார்த்துச் சொல்கிறேன்” என்பதே முழுமையான பதில்.

நண்பர்கள் யாராவது ‘இதைப் போட்டுக்கோ, படபடப்பு வராது’ என்று மாத்திரை நீட்டினால் வாங்காதீர்கள். இப்படிக் கைமாறும் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) வகை மாத்திரை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. மருத்துவர் பார்த்து எழுதித் தந்தால் அது வேறு விஷயம்.

கூச்சம் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ நடத்திய கணக்கெடுப்பில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்கள் தங்களைக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்றார்கள். முப்பது பேர் வகுப்பில் பன்னிரண்டு. உங்கள் வகுப்பிலும் அவர்கள் இருக்கிறார்கள்; யாரோ ஒருத்தியைத் திமிர் பிடித்தவள் என்று நீங்கள் ஒதுக்கியிருக்கலாம், அவளும் உங்களை அப்படியே. புது இடத்தில் முதல் சில நிமிடத் தயக்கம் உங்களுக்கு நாற்பது வயதிலும் இருக்கலாம். அதனால் எதையும் தவிர்க்காமல் இருக்கிறீர்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பயத்தால் வகுப்புகளையே தவிர்ப்பது, ஆட்கள் இருப்பார்கள் என்று சாப்பிடப் போகாமல் இருப்பது, இந்த மாதிரி ஆறு மாதத்துக்கு மேல் நீள்வது என்று இருந்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பயிற்சியால் மாற்றும் முறை) பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள், நல்ல பலன் தரக்கூடியது. பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் காத்திருப்போர் பட்டியல் தேர்வு நெருங்க நெருங்க நீளும். சந்தேகம் இருந்தால் இந்த வாரமே பெயரைக் கொடுங்கள். நேரில் போய்ச் சொல்ல வராவிட்டால், எனக்கு எழுதிய இதே கடிதத்தை அங்கே நீட்டினாலும் போதும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் குலைந்தால் பருவ முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே, அந்த நேரமே, விடுதிக் காப்பாளரிடமோ அருகில் உள்ள மருத்துவமனை அவசரப் பிரிவிலோ சொல்லிவிடுங்கள்.

ஒத்திகையில் ஒருமுறையையாவது நீங்கள் பேசப்போகும் அதே அறையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அது பூட்டியிருக்கும். சாவி யாரிடம் இருக்கும் என்று துறை அலுவலகத்தில் நாளைக்கே கேட்டு வையுங்கள்.